தூக்கி நிறுத்திய தார்... பெரிய டயர் போடும் முன் ஒரு கணக்கு!

சிக்னலில் பக்கத்தில் வந்து நிற்கும் சில தார்களின் டிரைவரைப் பார்க்க, கழுத்தை அண்ணாந்துதான் ஆக வேண்டியிருக்கிறது. வீல் ஆர்ச்சை மீறி வெளியே துருத்தும் டயர். அதன் பட்டன் ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவுக்கு இருக்கும். ஷோரூமில் பார்த்த அதே வண்டிதான். ஆனால் அரைச் சாண் வளர்ந்திருக்கிறது. இந்தக் காட்சியைப் பார்த்த அன்றைக்கே பல வீடுகளில் பையன் ஆரம்பித்துவிடுவான்: "அப்பா, நம்ம வண்டியையும் இப்படிப் பண்ணலாம்ப்பா!"

2020 அக்டோபரில் புதிய தார் விற்பனைக்கு வந்ததிலிருந்து இந்த ஆசை பரவலாகிவிட்டது. அதற்கு முன் ஜீப் என்றால் எஸ்டேட், தோட்டம், மலைக்கிராமம். இப்போது அதே வண்டி பள்ளிக்கும் போகிறது, கல்யாணத்துக்கும் போகிறது, திருச்செந்தூருக்கும் போகிறது. 2023-ல் ஜிம்னி, 2024-ல் தார் ராக்ஸ் என்று வரிசை நீண்டது. கூடவே, 'லிஃப்ட் கிட்' மாட்டித் தரும் கடைகளும் பெரிய ஊர்களில் பெருகிவிட்டன. ஐந்து டயர், புது ரிம், லிஃப்ட் கிட், கூலி என்று கூட்டினால் லட்ச ரூபாயை எளிதில் தாண்டும். அவ்வளவு பணத்துக்கு வண்டி என்ன பெறுகிறது, எதை இழக்கிறது என்பதைக் கடைக்காரர் முழுதாகச் சொல்வதில்லை. கேட்பவரும் குறைவு.

எது எதை உயர்த்துகிறது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். சஸ்பென்ஷனை உயர்த்தினால் வண்டி முழுவதும் உயர்ந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் உண்மை.

தாரின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். இரண்டு சக்கரங்களையும் இணைத்து ஒரே இரும்பு ஆக்ஸில் இருக்கும். அதன் நடுவில் சின்னப் பானையைக் கவிழ்த்ததுபோல உருண்டிருப்பதுதான் டிஃபரன்ஷியல். வண்டியின் அடிப்பகுதியில் தரைக்கு மிக நெருக்கமாக இருக்கும் பாகங்களில் அதுவும் ஒன்று. பாறையில் 'டங்' என்று முதலில் இடிப்பதும் பெரும்பாலும் அதுதான். இப்போது ஸ்பிரிங்கை மூன்று இன்ச் உயரமாக மாற்றுகிறீர்கள். என்ன உயரும்? ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் சேஸியும் பாடியும் உயரும். ஸ்பிரிங்குக்குக் கீழே சக்கரங்களோடு சேர்ந்திருக்கும் ஆக்ஸில் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். மூன்று இன்ச் லிஃப்ட் போட்ட பிறகும் அந்தப் பானை அதே பாறையில், அதே உயரத்தில் இடிக்கும்.

ஆக்ஸிலை உயர்த்தக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: பெரிய டயர். அதிலும் ஒரு கணக்கு உண்டு. தாரின் மேல் வேரியன்ட்டில் வரும் டயர் 255/65 ஆர்18. டயரின் அகலம் 255 மில்லிமீட்டர். அதில் 65 சதவிகிதம் பக்கச்சுவரின் உயரம். ரிம் 18 இன்ச். கூட்டினால் டயரின் மொத்த உயரம் சுமார் 789 மில்லிமீட்டர், அதாவது 31 இன்ச். இதைக் கழற்றிவிட்டு, எல்லோரும் ஆசைப்படும் 33 இன்ச் டயர் போட்டால் உயரம் 838 மில்லிமீட்டர் ஆகிறது. வித்தியாசம் 49. ஆனால், ஆக்ஸில் இருப்பது டயரின் நடுவில். அதனால் பாதிதான் கணக்கு: 25 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு செலவுக்கும் பிறகு, அந்தப் பானைக்கும் பாறைக்கும் நடுவில் கிடைத்த கூடுதல் இடைவெளி ஒரு இன்ச்!

அப்படியானால் லிஃப்ட் எதற்கு? பெரிய டயருக்கு இடம் கொடுக்கத்தான். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தாலும், பள்ளத்தில் விழுந்து சக்கரம் மேலேறினாலும் பெரிய டயர் பம்பரிலும் மட்கார்டிலும் உரசும். அந்த உரசலைத் தவிர்க்கத்தான் பாடியை மேலே தூக்குகிறார்கள். கூடவே, மேட்டில் ஏறும்போது மூக்கு இடிக்காமலும் வயிறு தட்டாமலும் இருக்கும் கோணங்கள் கூடும். அது நிஜமான பலன்தான், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தாருக்கு அந்தக் கோணங்கள் ஏற்கெனவே தாராளம். கிரவுண்ட் கிளியரன்ஸ் 226 மில்லிமீட்டர். முன்பக்க ஏறுகோணம் 40 டிகிரிக்கு மேல். குடும்பத்தோடு ஏற்காடு போகிறவர் அதில் பாதியைக்கூடப் பயன்படுத்துவதில்லை.

ரப்பர் கட்டை சொல்லும் ரகசியம்

லிஃப்ட் போட்டவர்களில் பலருக்கு ஒரு புதிர் இருக்கும். "மூணு இன்ச் தூக்கிட்டோம், நிக்கும்போது டயருக்கும் ஆர்ச்சுக்கும் நடுவுல கையே போகுது. ஆனா குழியில விழுந்தா இன்னும் உரசுதே?"

காரணம் எளிது. சக்கரம் எவ்வளவு தூரம் மேலே போகலாம் என்பதைத் தீர்மானிப்பது ஸ்பிரிங்கின் உயரம் இல்லை. சேஸிக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் 'பம்ப் ஸ்டாப்' என்று ஒரு ரப்பர் கட்டை இருக்கும். சக்கரம் மேலேறி அதில் முட்டினால்தான் நிற்கும். உயரமான ஸ்பிரிங் போட்டாலும் பெரிய குழியில் அது முழுதாக அமுங்கத்தான் செய்யும். அப்போது சக்கரம் பழைய இடத்துக்கே வந்து சேரும். முன்பு அங்கே 31 இன்ச் டயர் வந்தது. இப்போது 33 இன்ச் வருகிறது. உரசாமல் என்ன செய்யும்? டயரின் வளர்ச்சிக்குத் தகுந்தபடி அந்த ரப்பர் கட்டையையும் நீளமாக்க வேண்டும், அல்லது மட்கார்டை வெட்ட வேண்டும். லிஃப்ட் கிட் விலை பேசும்போது "பம்ப் ஸ்டாப் என்ன பண்ணுவீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே அந்தக் கடையின் தரம் தெரிந்துவிடும்.

மலிவான வழி ஒன்றும் இருக்கிறது. ஸ்பிரிங்கை மாற்றாமல் அதன் தலையில் வட்டமான 'ஸ்பேசர்' ஒன்றை வைத்துத் தூக்குவது. பார்வைக்கு அதே உயரம் கிடைத்துவிடும். ஆனால் சக்கரம் கீழே தொங்குவதற்கு இருந்த தூரத்தில் ஒரு பங்கை அந்த உயரமே விழுங்கிவிடுகிறது. கரடுமுரடான பாதையில் நான்கு சக்கரமும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் பிடிமானம். இந்த வண்டியிலோ ஒரு சக்கரம் சீக்கிரமே அந்தரத்தில் தொங்கிச் சும்மா சுற்றும். ஆஃப்ரோடுக்காகச் செய்த வேலை ஆஃப்ரோடையே கெடுத்துவிடும் கதை இது.

ஒன்றைத் தொட்டால் ஒன்பது

தொழிற்சாலையில் ஒவ்வொரு பாகமும் மற்றவற்றோடு பொருந்தி உட்காரும்படி அளவெடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. உயரத்தை மாற்றினால் அந்தப் பொருத்தம் வரிசையாகக் குலையும்.

தாரின் முன்பக்கம் பின்பக்கம் மாதிரி இல்லை. அங்கே சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் இண்டிபெண்டென்ட் சஸ்பென்ஷன். டிஃபரன்ஷியல் சேஸியோடு சேர்ந்து மேலே போகும்; சக்கரமோ கீழேயே இருக்கும். இரண்டையும் இணைக்கும் டிரைவ் ஷாஃப்ட் இப்போது சரிவாக நிற்கும். அதன் ஜாயின்ட்டுகள் எப்போதும் வளைந்த நிலையிலேயே சுற்றுவதால் சீக்கிரம் தேயும். கிரீஸைக் காக்கும் ரப்பர் உறை கிழியும். உள்ளே மண் போகும். திருப்பத்தில் 'டக் டக்' என்று சத்தம் கேட்க ஆரம்பித்தால் செலவு வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஜிம்னியில் கதை வேறு. முன்னாலும் பின்னாலும் இரும்பு ஆக்ஸில்தான். தூக்கும்போது முன் ஆக்ஸில் லேசாகச் சுழன்றுவிடும். சைக்கிளின் முன் ஃபோர்க் கொஞ்சம் சாய்ந்திருப்பதால்தான் கையை விட்டாலும் அது நேராக ஓடுகிறது. காரிலும் அதே போன்ற சாய்வு உண்டு. ஆக்ஸில் சுழலும்போது அந்தச் சாய்வு குறைகிறது. விளைவு, திருப்பத்துக்குப் பிறகு ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. ஹைவேயில் வண்டி அலைபாயும். சில சமயம் ஒரு குழியில் அடிபட்டதும் முன்சக்கரங்கள் இரண்டும் வெடவெடவென்று ஆட ஆரம்பிக்கும். வேகத்தைக் குறைக்கும்வரை நிற்காது. பின் சீட்டில் குழந்தைகள் இருக்கும்போது இது நடந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதற்குச் சரியான புஷ்ஷும், நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ராடுகளும் தனியாக வாங்கிப் போட வேண்டும். கிட் பெட்டியில் அவை எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

பிரேக் ஹோஸ் இன்னொன்று. சக்கரம் கீழே தொங்கும்போது ஹோஸும் ஏ.பி.எஸ் வயரும் விறைத்து இழுபடக் கூடாது. லிஃப்ட் போட்ட பிறகு, வண்டியை ஜாக்கில் ஏற்றிச் சக்கரங்களைத் தொங்கவிட்டுப் பார்க்காமல் சாவியை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

அதைவிடப் பெரியது பிரேக்கின் சக்தி. டயர் உயரமாகும்போது, நெம்புகோலின் நீளம் கூடுவதுபோல, அதே பிரேக் அதிகம் போராட வேண்டியிருக்கிறது. டயரின் எடையும் கூடியிருக்கிறது. அந்த எடை டயரின் வெளிவட்டத்தில் சுற்றுகிறது. இன்ஜினுக்கும் அதே சுமைதான். 33 இன்ச் டயரில் சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுவிசை சுமார் 6 சதவிகிதம் குறையும். மேடேறும்போது ஒரு கியர் கீழே இறக்க வேண்டிவரும்.

ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்ல ஆரம்பிக்கும். முள் 80-ல் இருக்கும்போது வண்டி உண்மையில் 85-ல் போகும். 35 இன்ச் என்றால், மீட்டரில் 100 காட்டும்போது 113. ஹைவே கேமராவுக்கு உங்கள் மீட்டரைப் பற்றிக் கவலை இல்லை. இதில் ஒரு வேடிக்கை: கிலோமீட்டரும் குறைவாகவே பதிவாவதால், மைலேஜ் உண்மையில் விழுந்ததைவிடக் கூடுதலாக விழுந்ததுபோலத் தெரியும்.

ஸ்டெப்னியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. தாரிலும் ஜிம்னியிலும் அது பின்கதவில் தொங்குகிறது. பெரிய டயரை அங்கே மாட்டினால் கதவின் கீல் நாளடைவில் தளரும். குண்டும் குழியுமான ரோட்டில் கதவு கடகடக்கும்.

இதெல்லாம் பயமுறுத்தல் இல்லை என்பதற்கு நல்ல சாட்சி, இந்த வேலையைக் கார் கம்பெனிகளே செய்யும்போது எப்படிச் செய்கின்றன என்பதுதான். அமெரிக்காவில் ஃபோர்டு பிராங்கோவுக்கு 'சாஸ்குவாட்ச்' என்று ஒரு பேக்கேஜ் உண்டு. 35 இன்ச் டயரோடு வரும். டயரை மட்டும் மாற்றிவிட்டு அவர்கள் நிறுத்தவில்லை. சஸ்பென்ஷன், ஷாக் அப்ஸார்பர், அகலமான மட்கார்டு, பெரிய டயரைச் சுற்றத் தோதான ஆக்ஸில் கியர் என எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றினார்கள். ஜீப் ராங்ளரில் 35 இன்ச் டயரோடு வரும் 'எக்ஸ்ட்ரீம் ரீகான்' பேக்கேஜும் அப்படித்தான். ஒன்றரை இன்ச் லிஃப்ட், மாற்றிய ஆக்ஸில் கியர், பின்கதவின் கீலுக்குக் கூடுதல் பலம்! கம்பெனியே ஸ்டெப்னியின் எடைக்காகக் கீலைப் பலப்படுத்துகிறது. நம் ஊர்க் கடையில் ஒரே மதியத்தில் வேலை முடிந்துவிடுகிறது.

சாய்ந்தால் என்ன ஆகும்?

உயரமான வண்டி கவிழும் வாய்ப்பு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு அதிகம் என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. இடது வலது சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் அகலத்தில் பாதியை எடுத்து, வண்டியின் எடைமையம் இருக்கும் உயரத்தால் வகுக்க வேண்டும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு, கவிழும் அபாயத்துக்கு ஸ்டார் கொடுக்க இந்த எண்ணைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது. சாதாரண கார்களுக்கு இது 1.3-லிருந்து 1.5 வரை இருக்கும். எஸ்.யூ.வி-களுக்கு 1-லிருந்து 1.3.

கணக்குக்காக ஒரு வண்டியின் பாதி அகலம் 75 சென்டிமீட்டர், எடைமையம் 70 சென்டிமீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 1.07. லிஃப்ட்டும் டயரும் சேர்ந்து எடைமையத்தை 8 சென்டிமீட்டர் உயர்த்தினால் 0.96. ஒன்றுக்குக் கீழே இறங்கிவிட்டது. இதில் கூரை மேல் கேரியர் வைத்து, அதில் நான்கு பெட்டியும் ஏற்றினால் இன்னும் குறையும்.

பாறையில் நத்தை மாதிரி ஊர்ந்து போகும்போது இது பெரிய பிரச்னை இல்லை. நான்குவழிச் சாலையில் 90-ல் போகும்போது எதிரில் ஒரு மாடு வருகிறது. சட்டென்று ஒடித்து, மறுபடி நேராக்க வேண்டும். அந்த இரண்டு விநாடியில்தான் பிரச்னை. வண்டியைச் சறுக்காமல் காக்கும் ஈ.எஸ்.பி தொழிற்சாலை உயரத்துக்கும் டயருக்கும் பழக்கப்பட்டது. புது உடம்பின் கணக்கு அதற்குத் தெரியாது. ராக்ஸ் போல கேமரா வைத்து, முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானாக பிரேக் பிடிக்கும் மாடல்களில், கேமராவின் பார்வைக்கோணமும் மாறிவிடும்.

அடுத்தவர் பக்கமும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வண்டி உயர்ந்தால் ஹெட்லைட்டும் உயரும். திருத்தி வைக்காவிட்டால் எதிரில் பைக்கில் வருபவரின் கண்ணில் நேராக அடிக்கும். மோதல் நடந்தால் உயர்ந்த பம்பர், சின்னக் காரின் பம்பரில் முட்டாமல் அதற்கு மேலே ஏறும். பானெட்டுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத இடம் கூடுகிறது. அபார்ட்மென்ட் வாசலில் விளையாடும் மூன்று வயதுக் குழந்தையின் உயரத்தை ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

வீட்டுப் பாட்டியையும் மறந்துவிடக் கூடாது. தாரில் ஏறுவதே முட்டிவலிக்காரர்களுக்குச் சிரமம். இன்னும் நான்கு இன்ச் கூடினால், கோயிலுக்குப் போக அவர் ஆட்டோவைத்தான் கூப்பிடுவார்.

வெள்ளத்துக்கு உதவுமா?

2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்காரர்கள் சொல்லும் காரணம் இது: "தண்ணி வந்தா தப்பிக்கலாம்ல?" இன்ஜினுக்குக் காற்று இழுக்கும் வாய் உயரும் என்பது சரி. ஆனால், ஓடும் வெள்ளத்தின் பலத்தை நாம் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறோம். வேகமாக ஓடும் தண்ணீர் ஒரு அடி இருந்தாலே பெரும்பாலான கார்களை நகர்த்திவிடும், இரண்டு அடி இருந்தால் எஸ்.யூ.வி-யையும் அடித்துக்கொண்டு போகும் என்கிறது அமெரிக்க வானிலைத் துறையின் எச்சரிக்கை. பெரிய டயருக்குள் காற்றும் அதிகம். தண்ணீரில் அது மிதவையாகவும் வேலை செய்யும். தாருக்குக் கம்பெனி சொல்லும் அளவே 650 மில்லிமீட்டர். அதுவும் தேங்கி நிற்கும் தண்ணீரில், மெதுவாகப் போகும்போது. அதற்கு மேல் தண்ணீர் நிற்கும் தெருவில் மூடாத சாக்கடையும் இருக்கும். லிஃப்ட் அதற்கு மருந்து இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

பலரும் காதில் வாங்காத பகுதி இது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள்.

ரோட்டில் நிறைய வண்டிகள் இப்படி ஓடுகின்றனவே என்று கேட்கலாம். ஓடுகின்றன. சிக்கல் செக்போஸ்ட்டில் வருவதைவிட விபத்துக்குப் பிறகுதான் அதிகம் வரும். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்து வண்டியைப் பார்க்கும்போது, பாலிசி எடுத்த அன்று சொல்லாத லிஃப்ட்டும் டயரும் அங்கே நிற்கும். க்ளெய்ம் இழுபடவோ, குறையவோ, மறுக்கப்படவோ அதுவே காரணமாகலாம். சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், டிரைவ் ஷாஃப்ட் சம்பந்தமான வாரன்ட்டியும் போகும்.

உண்மையான ஆஃப்ரோடு போட்டிகளில் இந்த வண்டிகளுக்கு இடம் இருக்கிறது. கோவாவில் மழைக்காலத்தில் நடக்கும் 'ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்' போன்றவற்றில் தூக்கிய சஸ்பென்ஷனும் ராட்சத டயரும் ரோல்கேஜோடும் வின்ச்சோடும் வரும். ஆனால் அந்த வண்டி மறுநாள் காலையில் குழந்தையைப் பள்ளியில் விடப் போவதில்லை.

தூக்காமலே முடியுமா?

கொழுக்குமலைக்கு சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் போனவர்களுக்கு அந்தப் பாதை மறந்திருக்காது. பாதை என்பதைவிடப் பாறைக் குவியல் என்பதே பொருந்தும். விடியற்காலை இருட்டில் பழைய மஹிந்திரா ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு அதில் ஏறி இறங்குகின்றன. அவற்றின் டயரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒல்லியாக, சாதாரணமாக இருக்கும். இரண்டாம் உலகப் போரைச் சுற்றிவந்த வில்லீஸ் ஜீப்பும் 6.00-16 என்ற ஒல்லி டயரில்தான் ஓடியது. கொழுக்குமலை டிரைவர்களுக்கு எந்தக் கல்லில் இடது சக்கரத்தை ஏற்ற வேண்டும் என்று தெரியும். அந்த டிஃபரன்ஷியல் பானையைக் கல்லின் மேல் கொண்டுபோகாமல், கல்லின் மேல் டயரை ஏற்றுவார்கள். அந்த ஒன்றைக் கற்றுக்கொண்டாலே ஒரு இன்ச் லிஃப்ட்டுக்குச் சமம், காசும் இல்லை.

அடுத்தது, டயரின் வகை. ஹைவேக்கான எச்.டி, எல்லாவற்றுக்கும் பொதுவான ஏ.டி, சேற்றுக்கான எம்.டி என்று மூன்று. முரட்டுத் தோற்றத்துக்காக எம்.டி வாங்குகிறவர்கள்தான் அதிகம். அதன் பட்டன்களுக்கு நடுவில் இடைவெளி அதிகம். சேற்றில் அது வரம். நனைந்த தார்ச்சாலையில் ரோட்டைத் தொடும் ரப்பர் குறைவு என்பதால் பிரேக் பிடிக்க அதிக தூரம் வேண்டும். உள்ளே உட்கார்ந்து பேசினால் கேட்காத அளவுக்கு இரைச்சலும் உண்டு. மலைக்கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் அடிக்கடி போகிற குடும்பத்துக்கு, வண்டிக்குக் கம்பெனி சொன்ன அதே அளவில் ஒரு நல்ல ஏ.டி டயர் போதும். அளவும் காற்றழுத்தமும் டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். லோடு இண்டெக்ஸ் அதற்குக் குறையக் கூடாது. அளவை மாற்றியே ஆக வேண்டும் என்றாலும், டயரின் மொத்த உயரத்தில் 3 சதவிகிதத்தைத் தாண்டாதீர்கள் என்பது பரவலான டயர்க்கடை விதி. 33 இன்ச் 6 சதவிகிதம் என்பதை மேலே பார்த்தோம்.

பிறகு காற்று. மணலிலோ சேற்றிலோ சிக்கினால் டயரில் காற்றை 18 பி.எஸ்.ஐ அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். டயர் சப்பையாகி, தரையைத் தொடும் பகுதி நீளமாகும். அமுங்கிய வண்டி எழுந்து வரும். பெரிய டயர் கொடுக்கும் நன்மையில் ஒரு நல்ல பங்கு இப்படி இலவசமாகக் கிடைக்கிறது. 15-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மிலிருந்து கழன்றுகொள்ளலாம். தார்ச்சாலைக்கு வந்ததும் மறக்காமல் காற்று ஏற்ற வேண்டும். காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் சொருகும் சின்ன கம்ப்ரஸர் டிக்கியில் இருக்கட்டும்.

ராட்சத டயரின் பிறவிப்பயன் தெரிய வேண்டுமானால் ஐஸ்லாந்துக்குத்தான் போக வேண்டும். அங்கே பனிப்பாறைகளின் மேல் போக 38 இன்ச்சும் அதற்கு மேலும் உள்ள டயர்களை மாட்டி, காற்றை இரண்டு மூன்று பி.எஸ்.ஐ வரை இறக்கிவிடுகிறார்கள். வண்டி பனிக்குள் புதையாமல் மேலே மிதந்து போகிறது. 2007-ல் 'டாப் கியர்' நிகழ்ச்சிக்காக வட காந்த துருவப் பகுதிக்குப் போன டொயோட்டா ஹைலக்ஸ்களைத் தயார்செய்தது அந்த நாட்டின் 'ஆர்க்டிக் டிரக்ஸ்' நிறுவனம்தான். பனியே இல்லாத அண்ணா சாலையில் அந்த டயருக்கு வேலை என்ன?

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறீர்களா?

இன்று லிஃப்ட் விஷயத்தில் அதிகம் ஏமாறுவது இவர்கள்தான். ஒருவர் ஆசைப்பட்டுத் தூக்கி, அலுத்துப்போய், விற்கும் முன் பழைய ஸ்பிரிங்கையும் டயரையும் திரும்ப மாட்டிவிடுவார். வெளிப்பார்வைக்கு எதுவும் தெரியாது. ஆனால் தடயங்கள் இருக்கும். வீல் ஆர்ச்சின் உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். பிளாஸ்டிக் தேய்ந்து வழுவழுப்பாகவோ வெட்டப்பட்டோ இருந்தால் அங்கே பெரிய டயர் ஓடியிருக்கிறது. ஷாக் அப்ஸார்பரின் நட்டுகளில் ஸ்பேனர் வைத்த புதுக் கீறல் இருக்கிறதா? டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் உறையில் வெடிப்பு, கிரீஸ் தெறிப்பு இருக்கிறதா? பின்கதவைப் பாதி திறந்து, ஸ்டெப்னியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் கீலில் ஆட்டம் தெரிகிறதா?

காலி இடத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து ஒரு வட்டம், பிறகு எதிர்ப்பக்கம் ஒரு வட்டம் ஓட்டுங்கள். ஜன்னலை இறக்கி வைத்துக்கொண்டு, 'டக் டக்' கேட்கிறதா என்று கவனியுங்கள். 80-ல் ஓட்டிப் பார்க்கும்போது போனின் ஜி.பி.எஸ் வேகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக மீட்டர் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். அது ஜி.பி.எஸ்-ஸைவிடக் குறைவாகக் காட்டினால், "இந்த டயர் என்ன சைஸ் அண்ணா?" என்று கேட்டுவிட்டு, பதிலை டிரைவர் கதவின் ஸ்டிக்கரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாங்குவது என்று முடிவாகிவிட்டால், இன்னும் மாட்டியே இருக்கும் லிஃப்ட்டைக் கழற்றி, கம்பெனி ஸ்பிரிங்கும் டயரும் போட்டு, வீல் அலைன்மென்ட்டும் ஹெட்லைட்டும் சரிபார்க்க ஆகும் செலவை விலையிலேயே குறைத்துப் பேசுங்கள். பழைய ஸ்பிரிங் செட் அவரிடமே இருந்தால், அதையும் டிக்கியில் போட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.